'தொட்டி பெருசு, எந்த மீனையும் விடலாம்'னு நினைக்கிறீங்களா? எந்த மீனோடு எது சேரும்? முழு விளக்கம்!

வீட்டு ஹாலில் புதுசா 6 அடி மீன் தொட்டி வந்து இறங்கியாச்சு. லைட் போட்டாச்சு, கல் போட்டாச்சு, தண்ணீரும் நிரப்பியாச்சு. அடுத்து என்ன? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மீன் கடைக்குப் போய், குழந்தை கை காட்டுவதில் இரண்டு, அப்பாவுக்குப் பிடித்ததில் இரண்டு, கடைக்காரர் சொல்வதில் நான்கு என்று கவர் கவராக வாங்கிட்டு வருவோம். முதல் வாரம் தொட்டி கல்யாண வீடு மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பிக்கும்.

'நம்ம கைக்கு மீன் ராசியில்லை' என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லிவிடுவோம். ராசியெல்லாம் இல்லை. சேரக்கூடாத மீன்களை ஒன்றாக விட்டதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு.

இதை எழுதும் எனக்கும் அந்த அனுபவம் உண்டு. எங்கள் வீட்டுத் தொட்டியில் 12 நியான் டெட்ராவும் 2 ஏஞ்சல் மீனும் இருந்தன. முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தினமும் காலையில் எண்ணினால் நியானில் ஒன்று குறையும். செத்த மீனும் மிதக்கவில்லை, ஃபில்டரிலும் சிக்கவில்லை. பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது, ஏஞ்சல் ஏன் திடீரென்று அவ்வளவு தளதளவென்று வளர்ந்தது என்று!

தொட்டி பெரிதாக இருந்தால் பிரச்சனை குறையும் என்பது உண்மைதான். ஆனால் தீர்ந்துவிடாது. பெரிய தொட்டிக்கு மீன் தேர்வு செய்வது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

'பெரிய தொட்டி' என்றால் எவ்வளவு?

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சுமார் 680 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 600 லிட்டர் பக்கம் இருக்கும். (கண்ணாடி, கல், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் எடை 900 கிலோவை நெருங்கிவிடும். மாடி வீடு என்றால் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.)

இந்தக் கட்டுரையில் சொல்லும் கணக்கெல்லாம் 6 அடி தொட்டியை வைத்துத்தான்.

'தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளரும்' உண்மையா?

மீன் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. 'சின்ன தொட்டின்னா சின்னதாவே இருக்கும் சார், கவலைப்படாதீங்க' என்பார்கள். இது தவறு.

இடம் போதாத தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும். அதனால் மீனின் வளர்ச்சி தடைபடும், முதுகு வளையும், நோய் சீக்கிரம் வரும். மீன் குட்டையாக நிற்பது தொட்டிக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொண்டதால் அல்ல, உடல் நலிந்துபோனதால்தான்.

கடையில் நாம் பார்ப்பது எல்லாமே குட்டிகள். 2, 3 இன்ச் குட்டியாகப் பார்க்கும்போது எல்லாம் ஒரே மாதிரி 'க்யூட்'டாகத்தான் இருக்கும். முழுதாக வளர்ந்த பிறகு?

• ஆஸ்கர் – சுமார் 1 அடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

• சக்கர் – ஒன்றரை அடி வரை.

• சில்வர் அரோவானா – சுமார் 3 அடி. மூடி சரியில்லை என்றால் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

• 'ஷார்க்' என்று விற்கப்படும் பங்காசியஸ் – 3 அடியைத் தாண்டும். ஹோட்டல்களில் 'பாசா' என்று தட்டில் வரும் மீனின் நெருங்கிய சொந்தம் இது. பண்ணைக்குளத்தில் வளர்க்க வேண்டிய மீன்.

• ரெட் டெயில் கேட்ஃபிஷ் – 3 முதல் 4 அடி வரை. 2 அடி அகலத் தொட்டியில் இதனால் திரும்பக்கூட முடியாது.

இதில் கடைசி மூன்றும் 6 அடி தொட்டிக்கும் பெரியவைதான். அதனால் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, 'அண்ணா, இது முழுசா வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?'

ஒன்றாக வாழ 4 பொருத்தம் பார்க்கணும்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம். மீனுக்கு நான்கு பார்த்தால் போதும்.

1. வாய்ப் பொருத்தம்

மீன்களின் உலகில் விதி எளிமையானது. வாய்க்குள் போகும் அளவில் இருப்பது உணவு, போகாதது பக்கத்து வீட்டுக்காரர். ஏஞ்சலும் நியான் டெட்ராவும் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி மீன்கள். ஒரே ஊர், ஒரே தண்ணீர். ஆனால் ஏஞ்சல் 6 இன்ச் வளரும், நியான் ஒன்றரை இன்ச்சைத் தாண்டாது. அதான் பிரச்சனை. ஏஞ்சல் குட்டியாக இருக்கும்வரை நட்பு, வளர்ந்ததும் விருந்து.

அதனால் இன்றைய அளவை வைத்து ஒப்பிடாமல், இரண்டும் முழுதாக வளர்ந்த பிறகு இருக்கும் அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2. குணப் பொருத்தம்

சில மீன்கள் கடிக்கும், சில துரத்தும், சில பயந்து ஒதுங்கும். டைகர் பார்ப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நீளமான துடுப்பைக் கண்டால் கடிக்காமல் விடாது. ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர், கௌராமி இவற்றோடு விட்டால் சில நாட்களில் துடுப்பு கிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். இதே டைகர் பார்ப்பை 10, 12 என்று கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடிக்கொள்ளும், மற்ற மீன்களுக்குத் தொல்லை குறையும்.

இங்கேதான் இன்னொரு தவறும் நடக்கிறது. 'ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி' என்று வாங்குவது. டெட்ரா, பார்ப், ரெயின்போ, கோரிடோராஸ் எல்லாம் கூட்டமாக வாழும் மீன்கள். இரண்டாக விட்டால் பயந்துபோய் மூலையில் ஒளியும், நிறம் மங்கும். குறைந்தது 6, பெரிய தொட்டியில் 12க்கு மேல் விட்டால்தான் அதன் உண்மையான அழகே தெரியும்.

ஃப்ளவர்ஹார்ன் தனி ரகம். 1990களில் மலேசியாவில் சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினம் இது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 'முழுசும் என்னுது' என்றுதான் சண்டை போடும். ஃப்ளவர்ஹார்ன் வேண்டும் என்றால் அது மட்டும்தான்.

3. தண்ணீர்ப் பொருத்தம்

டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பமும், உப்புச்சத்து குறைந்த மென்மையான தண்ணீரும் வேண்டும். கோல்டு ஃபிஷுக்கு 18 முதல் 22 டிகிரி குளிர்ச்சி வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்றாவது தினமும் கஷ்டப்படும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்குக் கதை நேர் எதிர். அந்த ஏரித் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, பிஹெச் அளவு 8ஐ ஒட்டியே இருக்கும். அதனால் உப்புத்தன்மை அதிகமுள்ள போர் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இவை பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். அந்தத் தண்ணீரில் டிஸ்கஸ் வளர்க்க ஆசைப்பட்டால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டியிருக்கும். (வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக்கூடாது. மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் இருக்காது.)

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம். அதைச் சுற்றிய பண்ணைகளில் உள்ளூர்த் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள் நம் குழாய்த் தண்ணீரை ஓரளவு தாங்கும். பிஹெச்சை ஏற்ற ஒரு மருந்து, இறக்க ஒரு மருந்து என்று ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, தண்ணீர் மாறாமல் ஒரே நிலையில் இருப்பதுதான் மீனுக்கு நல்லது. முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, அதற்கு ஏற்ற மீனைத் தேடுங்கள்.

வெயிலையும் மறக்கக்கூடாது. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளைச் சேர்ந்த 'மிஸ் கேரளா' மீன், ஓடும் குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியது. 6 அடி தொட்டியில் ஒரு கூட்டமாக நீந்தினால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வெயில் ஊர்களில் ஹாலில் வைத்துக் காப்பாற்றுவது கடினம். இயற்கையில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்பதால், வாங்குவதாக இருந்தால் பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குவதும் முக்கியம்.

4. இடப் பொருத்தம்

தொட்டிக்குள் மூன்று மாடி இருக்கிறது. மேல் மட்டம், நடு மட்டம், அடி மட்டம். எல்லா மீனும் நடு மட்டத்திலேயே நீந்துவதாக இருந்தால் 6 அடி தொட்டியும் நெரிசலாகிவிடும். நடுவில் டெட்ரா, ரெயின்போ போன்ற கூட்டமாக நீந்தும் மீன்கள், அடியில் கோரிடோராஸ், லோச் போன்றவை, மேலே கௌராமி என்று பிரித்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும்.

எத்தனை மீன் விடலாம்?

'ஒரு இன்ச் மீனுக்கு இத்தனை லிட்டர்' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சின்ன மீனுக்கு ஓரளவு சரி, பெரிய மீனுக்கு உதவாது. ஏன்?

மீனின் நீளம் 2 மடங்கானால் எடை சுமார் 8 மடங்காகும். 1 இன்ச் மீன் பத்தும் 10 இன்ச் ஆஸ்கர் ஒன்றும் நீளக் கணக்கில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு ஆஸ்கர் சாப்பிடுவதும், கழிவு போடுவதும் பல நூறு சின்ன மீன்களுக்குச் சமம். அந்தக் கழிவை ஃபில்டர் தாங்குமா என்பதுதான் கேள்வி. தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை சுற்றவைக்கும் ஃபில்டர் வேண்டும். பெரிய சிக்லிட் வளர்த்தால் அதற்கும் மேல்.

6 அடி தொட்டிக்கு 4 வகைக் கூட்டணி

எல்லா மீனும் வேண்டும் என்று ஆசைப்படாமல், ஏதாவது ஒரு கூட்டணியைத் தேர்வு செய்யுங்கள்.

அமைதியான கூட்டணி: 5 அல்லது 6 ஏஞ்சல், 12 காங்கோ டெட்ரா, 10 கோரிடோராஸ், 2 பிரிஸில்நோஸ். செடி வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஏற்றது. ஏஞ்சல்களைக் குட்டியாக ஒன்றாகவே வாங்குங்கள். வளர்ந்து ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் அந்த ஜோடி மற்றவற்றைத் துரத்தும். அப்போது பிரித்து வைக்க இடம் இருக்க வேண்டும்.

துறுதுறு கூட்டணி: 12 போஸ்மனி ரெயின்போ, 15 ரோஸி பார்ப், 6 யோயோ லோச், 2 பிரிஸில்நோஸ். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டி வேண்டும் என்றால் இதுதான். முதல் முறை பெரிய தொட்டி வைப்பவர்களுக்கு நல்ல தேர்வு. நீளத் துடுப்பு மீன்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

பெரிய மீன் கூட்டணி: 2 ஆஸ்கர், 6 சில்வர் டாலர், 1 செவரம். எண்ணிக்கை குறைவாகத் தெரியும். ஆறு மாதம் பொறுங்கள், தொட்டி நிறைந்துவிடும். ஆஸ்கர் கல்லைப் புரட்டும், சில்வர் டாலர் செடியைத் தின்றுவிடும். அதனால் செடி ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஒவ்வொரு ஆஸ்கருக்கும் ஒரு குணம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்றை மாற்றத் தயாராக இருங்கள்.

ஆப்பிரிக்கக் கூட்டணி: மலாவி ஏரியின் 'புனா' சிக்லிட் 20 முதல் 25. வேறு எதுவும் கிடையாது. கல்லை அடுக்கிக் குகைகள் அமைக்க வேண்டும். இதில் ஒரு வினோதம், எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் ஆபத்து. நான்கைந்து மட்டும் இருந்தால் பலசாலி ஒன்று பலவீனமான ஒன்றையே குறிவைத்து அடிக்கும். கூட்டம் அதிகமானால் அடி பரவிவிடும். ஆண் குறைவாக, பெண் அதிகமாக இருக்க வேண்டும். பாசி தின்னும் மீன்கள் என்பதால் ரத்தப்புழு போன்ற அசைவ உணவை அதிகம் போட்டால் வயிறு வீங்கிச் செத்துப்போகும்.

'அழுக்கு தின்னும்'னு சக்கர் வாங்கலாமா?

கிட்டத்தட்ட எல்லா வீட்டுத் தொட்டியிலும் ஒரு சக்கர் இருக்கும். 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லித்தான் விற்பார்கள். அது பாசியைத் தின்னும், அழுக்கைத் தின்னாது. மாறாக, தானே ஏகப்பட்ட கழிவு போடும். வளர்ந்த பிறகு கோல்டு ஃபிஷ், டிஸ்கஸ் போன்ற மெதுவான மீன்களின் உடம்பில் ஒட்டி மேல்தோலைச் சுரண்டும். பாசிக்குத்தான் மீன் வேண்டும் என்றால் 5 இன்ச்சோடு நின்றுவிடும் பிரிஸில்நோஸ் வாங்கலாம். அழுக்குக்கு ஒரே மருந்து, வாரம் ஒருமுறை 25 சதவீதத் தண்ணீரை மாற்றுவதுதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விடலாமா?

கூடாது. இதில்தான் நல்ல கூட்டணியும் தோற்றுப்போகிறது.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உருவாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள் வளர வேண்டும். அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தாலும் உள்ளே விஷம் இருக்கலாம். அம்மோனியா, நைட்ரைட் சோதனை செய்யும் கிட் வாங்கி, இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடுங்கள்.

அதன் பிறகும் வரிசை முக்கியம்.

• முதலில் கூட்டமாக வாழும் சாதுவான மீன்கள். 2 வாரம் கழித்து அடி மட்ட மீன்கள். இடத்துக்குச் சண்டை போடும் சிக்லிட் வகை கடைசியில். முதலில் வந்தவன் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வான் என்பதால்தான் இந்த வரிசை.

• ஏற்கெனவே சண்டைக்கார மீன் உள்ள தொட்டியில் புதிதாக ஒன்றை விட வேண்டுமா? கல், குகைகளின் இடத்தை மாற்றி வைத்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய எல்லை கலைந்துவிடும்.

• புதிய மீனை 2 முதல் 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். ஒரு மீன் கொண்டுவரும் வெள்ளைப் புள்ளி நோய் மொத்தத் தொட்டியையும் காலி செய்துவிடும்.

• கரண்ட் போனால் ஆக்சிஜன் குறையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆசிய அரோவானா, சர்வதேச வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் மீன். 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படிப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் இல்லாமல் விற்றால் வாங்காதீர்கள்.

வளர்க்க முடியலையா? ஏரியில் விடாதீங்க!

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

தவறாக வாங்கிய மீன் தொட்டியை மீறி வளர்ந்ததும் பலர் செய்வது, 'பாவம், பிழைச்சுப் போகட்டும்' என்று பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவது. நல்ல மனசோடு செய்வதுதான், ஆனால் பாதிப்பு பெரியது. தென் அமெரிக்க மீனான சக்கர் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கெட்ட தண்ணீரிலும் காற்றைச் சுவாசித்து உயிர் வாழும், முள் கவசம் இருப்பதால் மற்ற மீன்கள் தின்ன முடியாது, மீனவர்களின் வலையைக் கிழிக்கும். வலையில் வந்தாலும் வாங்க ஆள் கிடையாது. 2023இல் காஷ்மீரின் தால் ஏரியில் அமெரிக்காவைச் சேர்ந்த அலிகேட்டர் கார் மீன் சிக்கியது நினைவிருக்கலாம். நீந்தி வர வழியில்லாத தூரம் அது. மனிதர் கொண்டுவந்தால்தான் உண்டு.

வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் பணம் தராவிட்டாலும் மீனை எடுத்துக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறு ஒருவருக்கும் கொடுக்கலாம்.

கடைக்குப் போகும் முன்: இந்த 5 கேள்விகளை மொபைலில் சேமித்து வைங்க

1. முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்?

2. தனியாக வாழுமா, கூட்டமாக வாழுமா? எத்தனை வாங்க வேண்டும்?

3. என் தொட்டியில் இருக்கும் எந்த மீனாவது இதன் வாய்க்குள் போகுமா? இது எதன் வாய்க்குள்ளாவது போகுமா?

4. இதற்குத் தேவையான வெப்பமும் தண்ணீரும் என் வீட்டில் இருக்கிறதா?

5. பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா?

ஐந்துக்கும் பதில் கிடைத்தால் வாங்குங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்பது மட்டும் பதிலாக வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு வீட்டுக்கு வருவதே நல்லது. தொட்டி ஒரு வாரம் காலியாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.